உள்ளே இருந்து திறக்கும் கேட்

தம்பி மாட்டிய கேட்டை எங்கே விடுகிறோமோ அங்கேயே நிற்கும். பாதி திறந்து விட்டால் பாதியில் நிற்கும். தானாகப் போய்ச் சுவரில் மோதாது, தானாக வந்து ஆளின் முதுகில் இடிக்காது. தூண் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கேட் நகர்ந்துவிடும் என்பது வெல்டிங் வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் "பரவாயில்ல விடு" என்று போய்விடுவார்கள். தம்பியிடம் அந்தப் "பரவாயில்ல" கிடையாது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறுபடி பார்த்து, திருப்தி வந்த பிறகுதான் சிமெண்ட் குழைக்கச் சொல்வான். அக்கா இதை வாடிக்கைக்காரர்களிடம் எடுத்துச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும். ஏறினால் என்ன? அம்மா போன பிறகு அவள் கையில் வளர்ந்த பிள்ளை.

முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை, இதுதான் வீடு. பட்டறைக்குக் கை தம்பி, வாய் அக்கா என்று தெருவில் சொல்வார்கள். தம்பிக்குத் திக்கும். சின்ன வயதிலிருந்தே திக்கும். போனை எடுப்பது, விலை பேசுவது, இரும்புக்கடைக்காரனோடு சண்டை போடுவது எல்லாம் அக்காதான். தம்பி ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பான். அவள் முடித்து வைப்பாள்.

"தூ... தூ..."

"தூண் ரெண்டும் மூணு இஞ்ச் பைப்புல போட்டுடலாம்னு சொல்றான்."

பெரும்பாலும் அவள் முடிப்பது சரியாக இருக்கும். தப்பாக முடித்துவிட்டால் தம்பி அவளை ஒரு பார்வை பார்ப்பான், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். திருத்த மாட்டான். திருத்துவதற்கும் பேச வேண்டுமே.

நாற்பதைத் தாண்டிய தம்பி ஒரே ஒரு இடத்துக்குள் மட்டும் இன்னும் போனதில்லை. அவர்கள் ஞாயிறுதோறும் போகிற தேவாலயத்தில் நற்கருணை மேசைக்கு முன்னால் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கிராதி உண்டு. நடுவில் சின்னக் கேட். திடப்படுத்தல் பெற்றவர்கள் மட்டும் அதற்குள் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். திடப்படுத்தல் பெற வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே தனியாக நின்று, சபை முழுக்கக் கேட்கும்படி, விசுவாசப் பிரமாணத்தைத் தடங்கல் இல்லாமல் சொல்ல வேண்டும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால் அந்த வருஷம் செல்லாது. சொல்லி முடித்தால் சபை மூப்பர் உள்ளே இருந்து தாழ்ப்பாளைத் திறந்து விடுவார். அந்தச் சபையில் அதுதான் முறை. அது வேதத்தில் இருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தம்பி அங்கே நின்றான். முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல், "விசுவாசிக்கிறேன்." அது வரவில்லை. பையன்கள் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி நின்றான். அதே சொல், அதே இடம். அதற்கடுத்த வருஷம் பெயரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. கொல்லைப்பக்கம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து கடைசி பெஞ்ச்தான். மேசைக்குப் போகும் நேரம் வந்தால் அவனும் தேவாலயத்து வாட்ச்மேனும் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். வாட்ச்மேனுக்கு எழுத்து தெரியாது, மனப்பாடமும் நிற்காது. அவர் அந்த பெஞ்சுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: வெயிட்டிங் ரூம். "நம்ம வண்டி இன்னிக்கும் லேட்டு தம்பி" என்பார், குடையை மடியில் வைத்துக்கொண்டு.

முன் பெஞ்சிலிருந்து எழுந்து போய் முழங்காலிடும் ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு முதுகு கூசும். 

மரக் கிராதியைக் கரையான் அரித்துவிட்டது. இரும்பில் போடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. சபைக்குள்ளேயே தம்பி இருக்கும்போது வேறு யாரிடம் போவார்கள்? மூப்பரும், புதிதாக வந்திருந்த போதகரும் பட்டறைக்கு வந்தார்கள்.

மூப்பர் நல்ல உயரம், சட்டையில் சுருக்கம் இருக்காது. அம்மா இறந்தபோது வாடகை வண்டி பிடித்ததிலிருந்து குழி வெட்டியவர்களுக்குத் தேநீர் கொடுத்ததுவரை அவர்தான் பார்த்தார். அக்காவுக்கு அந்த நன்றி உண்டு, பயமும் உண்டு. போதகர் சின்ன வயது, குட்டையான ஆள். மூப்பர் பேசும்போது அவர் பேச மாட்டார்.

"கேட்டு தானா மூடிக்கணும்" என்றார் மூப்பர். "ஸ்பிரிங் போட்டுடு தம்பி. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். வெளியே இருந்து கை விட்டுத் திறக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

"ந... நல்ல கே..."

"நல்ல கேட்டாவே போட்டுடுவான் மூப்பரையா, கவலைப்படாதீங்க" என்றாள் அக்கா.

தம்பி அவளைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. போதகர் அதைக் கவனித்துவிட்டார்.

"அவர் வேற ஏதோ சொல்ல வந்தாரும்மா" என்றார் மெதுவாக. "சொல்லட்டும்."

எல்லோரும் நின்றார்கள். பக்கத்துக் கடையில் கிரைண்டர் ஓடி நின்றது. தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ந... நல்ல கேட்டுக்கு ஸ்... ஸ்பிரிங் எதுக்கு?"

மூப்பர் சிரித்துவிட்டார். "கேட்டு நல்ல கேட்டுதாம்ப்பா. ஆளுங்கதான் சரியில்ல. திறந்து போட்டுட்டுப் போயிடறாங்க."

கிளம்பும்போது போதகர் தயங்கினார். "மூப்பரையா, கிராதியைப் பிரதிஷ்டை பண்ற அன்னிக்கு இவர்தானே முதல்ல உள்ள வரணும்? செஞ்சவர் வெளியே உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

மூப்பர் யோசித்தார். "முறைப்படி நின்னு சொல்லட்டும். நானே திறந்து விடறேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இவங்கம்மா கடைசியா என்கிட்ட கேட்டதே அதுதான்."

அம்மா அப்படிக் கேட்டிருந்தது அக்காவுக்கு அன்றுதான் தெரியும். அதோடு அவளுக்கு அந்த வாரம் தூக்கம் போயிற்று.

மறுநாள் காலையிலேயே அவனைப் பிரமாணம் சொல்லிப் பழக்கத் தொடங்கிவிட்டாள். தேநீர் கொடுக்கும்போது ஒரு தடவை, குளிக்கப் போகும் முன் ஒரு தடவை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு தடவை. மூச்சை இழுத்துக்கொள் என்றாள். மெதுவாக என்றாள். வேகமாக என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொல் என்றாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லுக்கு வந்ததும் தாடை இறுகும், உதடு பூட்டிக்கொள்ளும். உடனே அவள் வாய் முந்திக்கொள்ளும்: "விசுவாசிக்கிறேன்."

"நீ... நீயே போய்ச் சொ... சொல்லிடேன்."

"கிண்டல் பண்ணாதடா. ஞாயித்துக்கிழமை வந்துட்டு இருக்கு."

"வ... வரட்டும். நா... நான் தடுக்கலையே."

"உனக்கு ஆசையே இல்லையா? உண்மையைச் சொல்லு."

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். அவன் கோபப்பட்டால் திக்கு அதிகமாகும். அன்று அதிகமாகவே இருந்தது. அவள் முடித்து வைக்கப் போனாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். கடைசியில் அவனே சொல்லி முடித்தான். இத்தனை வருஷமாகக் கடைசி பெஞ்சிலிருந்து அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆசை இல்லாமலா பார்ப்பான்? அந்தச் சொல் உள்ளே இருக்கிறது, வெளியேதான் வரவில்லை. சாமிக்கும் அது வெளியே வந்தால்தான் தெரியுமா?

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தாள், தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள்.

சனிக்கிழமை கிராதியை ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்தினார்கள். வேலையாளாகத் தம்பி அந்த எல்லைக்குள் போனான், வந்தான், மண்டியிட்டான், தரையில் துளை போட்டான், மேசைக் காலடியில் சிதறிய சிமெண்டைத் துணியால் துடைத்தான். அதற்கு யாரும் பிரமாணம் கேட்கவில்லை. வாட்ச்மேன் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "உள்ள போயிட்டு வந்துட்டியேய்யா, அங்க எப்படி இருக்கு?" என்றார்.

"தூ... தூசி" என்றான் தம்பி.

வாட்ச்மேன் சிரித்த சிரிப்பு கூரையில் எதிரொலித்தது. அக்கா அதட்டினாள், "இது கோயில்!" அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டதை மறைத்துக்கொண்டு.

பிறகு தம்பி ஸ்பிரிங்கை மாட்டினான். ஒரு முனை தூணில், மறு முனை கேட்டில், கேட் பக்கத்து முனையை விரல் நீளத்தில் ஒரு இரும்புப் பின் பிடித்திருந்தது. மூப்பர் வந்து கேட்டைத் திறந்து விட்டுப் பார்த்தார். அது விருட்டென்று திரும்பி வந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி 'டக்.' "பிரமாதம்!" என்றார். தம்பி வெளிப்பக்கம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். 

ஞாயிறு. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். புது பெயிண்ட் வாசனை முன் பெஞ்சுவரை வந்தது. போதகர் கிராதிக்காக ஜெபித்தார், பாட்டு முடிந்தது. மூப்பர் உள்ளே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டார்.

அவன் கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வரும் செருப்புச் சத்தத்தை அக்கா திரும்பிப் பார்க்காமலே அடையாளம் கண்டாள். இஸ்திரி போட்ட சட்டை, காலரில் அவள் கவனிக்காமல் விட்ட ஒரு நெருப்புப்பொறி ஓட்டை. கேட்டுக்கு முன்னால் நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஆரம்பித்தான். முதல் சொற்கள் வந்தன. நன்றாகவே வந்தன. அக்காவின் உதடும் சத்தமில்லாமல் கூடவே ஓடியது. ஒவ்வொரு சொல்லாக அந்த வாக்கியத்தின் வாசல்வரை வந்துவிட்டான். இனி அந்த ஒரு சொல்தான்.

"வி..."

நின்றது.

"வி... வி..."

மூப்பர் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கியபடியே காத்திருந்தார். அவருக்கும் நெற்றி வியர்த்திருந்தது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கி நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். தம்பியின் தாடை இறுகுவது முன் பெஞ்சிலிருந்து தெரிந்தது. தோள் மேலே ஏறியது. கட்டியிருந்த கை பிரிந்து விரல்கள் விரிந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்...

"விசுவாசிக்கிறேன்!"

தேவாலயம் முழுக்கக் கேட்டது. குரல் தம்பியுடையது அல்ல.

தான்தான் சொன்னோம் என்பது அக்காவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. இரும்புக்கடையில், பேருந்தில், பட்டறை வாசலில் இத்தனை வருஷம் செய்ததை இங்கேயும் செய்துவிட்டாள். வாயைக் கையால் பொத்தினாள். பொத்தி என்ன?

மூப்பர் தாழ்ப்பாளைக் கீழே விட்டார். "ஏம்மா..." என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாக. "எடுத்துக் கொடுத்துட்டியேம்மா. இப்ப நான் என்ன பண்றது?" தம்பியைப் பார்த்து, "போய் உட்காருப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்.

தம்பி உட்காரப் போகவில்லை. அக்கா பக்கம் திரும்பவும் இல்லை. அவன் மறுபடி முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தான்.

"தம்பி, செல்லாதுப்பா. உட்காரு."

அவன் நிறுத்தவில்லை. இந்த முறை முதல் சொல்லே திக்கியது. இரண்டாவதும் திக்கியது. ஒவ்வொரு சொல்லும் பாறையைப் புரட்டுவது போலப் புரண்டு வந்தது. சபையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். அடுத்த சொல் அவளுக்குத் தெரியும், அதற்கடுத்ததும் தெரியும். பல் வலிக்கக் கடித்தாள்.

போதகர் மேசைப் பக்கமிருந்து இறங்கி வந்தார். கையில் அப்பத்தட்டு. 

"மூப்பரையா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

"பாஸ்டர், அவர் இன்னும் முடிக்கல."

"தெரியும்." போதகர் தாழ்ப்பாளைத் தூக்கிக் கேட்டைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். ஸ்பிரிங் அதை உடனே திருப்பி இழுத்தது. இடுப்பைக் கொடுத்துத் தடுத்து நிறுத்தினார். "உள்ள வாங்க. முதல்ல வாங்க. மீதியை உள்ள வந்து சொல்லிக்கலாம்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு பாஸ்டர்."

"இருக்கு மூப்பரையா. ஆனா இந்த மேசைக்கு ஆள் கூப்பிடறது நானும் நீங்களும் இல்ல. கூப்பிட்டவர் வாசல்ல பரீட்சை வெச்சு யாரையும் திருப்பி அனுப்பினதா நான் படிச்சதில்ல. நீங்க படிச்சிருந்தா சொல்லுங்க, நான் மூடிடறேன்."

மூப்பர் ஓரடி தள்ளி நின்றார்.

கேட் போதகரின் இடுப்பில் நெருக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒருபக்கமாகச் சாய, தட்டும் சாய்ந்தது. அப்பத்துண்டுகள் விளிம்புக்கு வழுக்கின. தம்பி ஓரடி முன்னால் வந்தான். உள்ளே போகப் போகிறான் என்று அக்கா நினைத்தாள். அவன் போகவில்லை. போதகரை மெதுவாக ஒதுக்கிவிட்டு, கேட்டைப் பிடித்து, தன் பக்கம் இழுத்து மூடப் போனான்.

  வேண்டாமென்கிறான் என்றுதான் அக்காவுக்குப் பட்டது. போதும் என்கிறான். அவள்தான் இதற்குக் காரணம்.

பூட்டிக்கொள்ள ஒரு கை அகலம் இருக்கும்போது கேட் நின்றது. தம்பி குனிந்தான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திறந்திருக்கும்போது ஸ்பிரிங் விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்கும், பின்னைக் கழற்ற முடியாது. மூடப் பார்த்தால்தான் அது தளரும். அவன் கட்டை விரலால் பின்னை அழுத்தி, உருவி எடுத்தான். ஸ்பிரிங் செத்த பல்லி வால் மாதிரி தூணில் தொங்கியது. நிமிர்ந்து, கேட்டை ஒரு விரலால் தள்ளினான். அது போய்த் திறந்து நின்றது. விட்ட இடத்திலேயே நின்றது.

தம்பி உள்ளே போய் முழங்காலிட்டான்.

அவன் முதுகும் தாடையின் ஓரமும்தான் அக்காவுக்குத் தெரிந்தன. தாடை அசைந்துகொண்டிருந்தது. போதகர் அவசரப்படவில்லை, தட்டைப் பிடித்தபடி குனிந்து நின்றார். பிறகு அப்பத்தை அவன் உள்ளங்கையில் வைத்தார். தாடை அதற்குப் பிறகும் அசைந்தது. மென்றானா, சொன்னானா, அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு சத்தம். வாட்ச்மேன் எழுந்து நின்றார். குடையை பெஞ்சில் வைத்தார், யோசித்து மறுபடி எடுத்துக்கொண்டார். சபையின் நடுவே நடந்து வந்து திறந்த கேட்டுக்கு முன்னால் நின்று மூப்பரின் முகத்தைப் பார்த்தார். மூப்பர் அவரைப் பார்த்தார்.  பிறகு மூப்பர் கையை நீட்டி, "குடையைக் குடு" என்றார். "அதோட எப்படி மண்டி போடுவ?"

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். சிலர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். "கமிட்டியில இதைப் பேசித்தான் ஆகணும்" என்று ஒருவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தம்பியை நெருங்கவே பயந்து நின்றாள். அவனே வந்தான். அவள் கையைப் பிடித்து விரித்து, அதற்குள் எதையோ வைத்து மூடினான். சின்ன இரும்பு, அவன் உடம்புச் சூட்டோடு.

"சொல்லி முடிச்சியாடா?" என்றாள். 

"இ... இல்ல. சொ... சொல்லிட்டுதான் இருக்கேன்."

மூப்பர் வந்தார். அவர் கையில் இன்னும் வாட்ச்மேனின் குடை இருந்தது, திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பின் எங்கப்பா? கேட்டு திறந்தே கிடக்குது."

"அ... அ..."

வழக்கம்போல மூப்பரின் தலை அக்கா பக்கம் திரும்பியது. தெருவில், கடையில், சபையில் எல்லோருக்கும் அதே பழக்கம்: தம்பி ஆரம்பித்தால் அக்காவைப் பார்ப்பது. அவளுக்கு அந்தச் சொல் தெரியும். மூடிய கைக்குள் பின் அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் தம்பியைப் பார்த்தபடி நின்றாள்.  அவள் சொல்ல மாட்டாள் என்று புரிய மூப்பருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார், பிறகு தம்பியின் பக்கம் நன்றாகத் திரும்பி நின்று, அவன் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.